பகற்பொழுதின் ஒழுங்கு

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தாய் தந்தையர் இருவரும் காலையிலே தொழிலுக்குச் செல்லும் இல்லங்கள் பல. அவர்தம் சிறுவர் சிலர் அயல்வீட்டு அம்மையார் ஒருவரின் பராமரிப்பில் பகலைக் கழிக்கின்றனர். முற்றமில்லாத மாடிவீட்டில், வெவ்வேறு வயதுடைய நான்கைந்து பிள்ளைகளுக்கு அப்பொழுதைப் பயனுள்ளதாக்குவது எவ்வாறு?

1939ஆம் ஆண்டு சென்னைக்கு வந்த மரியா மொண்டிசோரி அம்மையார், 1944இல் இலங்கையிலும் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். குழந்தை தன் கைகளாற் செய்தே அறிகிறது என்பது அவர் கண்ட உண்மை. அதற்கு விலையுயர்ந்த கருவிகள் வேண்டியதில்லை. குவளைக்குக் குவளை நீர் வார்த்தல், துவாய் மடித்தல், கரண்டிகளைச் சிறிது பெரிதாக அடுக்குதல் ஆகியன கண்ணையும் கையையும் இணைக்கும். அளவும் எண்ணும் மனத்திற் பதியும். ஆனால் மூன்று வயது நிரம்பாதோர் கையிற் பயறு, பாசிமணி முதலியவற்றைக் கொடுத்தலாகாது. அவை தொண்டையில் அடைபடக்கூடும்.

காலையிற் கைவேலை, பின்னர் கதையும் பாட்டும், உணவு, உறக்கம், மாலையில் விளையாட்டு என்னும் வரிசை நாள்தோறும் மாறாதிருத்தல் நன்று. விளையாட்டு முடிந்ததும் அம்மா வருவாள் என்பதை அவ்வரிசையாலேயே குழந்தை அறிந்துகொள்கிறது, அழுகை குறைகிறது. ஆயினும் நீர் வார்ப்பதில் ஆழ்ந்திருக்கும் பிள்ளையை மணிக்கூட்டைப் பார்த்து எழுப்புதல் வேண்டா. கதை சற்றுப் பொறுக்கட்டும்.