தங்கையின் மச்சம் வளர்கிறதா?

பள்ளிச் சான்றிதழில் 'அங்க அடையாளங்கள்' என்று ஓர் இடம் உண்டு அல்லவா? 'வலது கன்னத்தில் ஒரு மச்சம்', 'இடது முழங்கைக்குக் கீழே ஒரு மச்சம்' என்று அதில் எழுதியிருப்பார்கள். மச்சம் மாறாது என்ற நம்பிக்கையில்தான் அப்படி எழுதுகிறார்கள். ஆனால் உங்கள் தங்கையின் கையில் சென்ற ஆண்டு கடுகளவு இருந்த மச்சத்தை இன்று பாருங்கள். சற்றுப் பெரிதாகியிருக்கலாம், கருத்திருக்கலாம், பக்கத்தில் புதிதாக ஒன்று தோன்றியும் இருக்கலாம். 'மச்சம் வளர்ந்தால் புற்றுநோய்' என்று யாரோ சொன்னதைக் கேட்டு அம்மா கவலைப்படுகிறார். கவலைப்பட வேண்டியதுதானா?

முதலில் மச்சம் எப்படி உண்டாகிறது என்று பார்ப்போம். நம் தோலுக்கு நிறம் தருவது மெலனின் என்னும் நிறமி. அதைத் தயாரிப்பவை மெலனோசைட்டுகள் என்னும் செல்கள். வேடிக்கை என்னவென்றால், இவை தோலில் பிறந்தவை அல்ல! தாயின் வயிற்றில் கரு வளரும்போது முதுகுத்தண்டு உருவாகும் இடத்தருகே தோன்றி, அங்கிருந்து மெல்ல மெல்ல நகர்ந்து உடலெங்கும் உள்ள தோலுக்கு வந்து சேர்கின்றன. சில செல்கள் தோலின் ஆழத்திலேயே தங்கிவிடுவதும் உண்டு. பிறந்த குழந்தையின் இடுப்புக்குக் கீழே நீலம் பாரித்தாற்போல ஒரு திட்டைப் பார்த்திருப்பீர்கள். அது இப்படித் தங்கிவிட்ட செல்களின் கூட்டம்தான். சில ஆண்டுகளில் மறைந்துவிடும். தோலுக்கு வந்து சேர்ந்த மெலனோசைட்டுகள் பரவி நிற்காமல் ஓரிடத்தில் கும்பலாகக் கூடினால் அதுவே மச்சம்.

பிறக்கும்போதே மச்சத்துடன் பிறப்பது நூற்றுக்கு ஒரு குழந்தைதான். மற்ற மச்சங்கள் எல்லாம் பிறகு வருபவை. பள்ளிப் பருவம் முழுவதும், அதற்குப் பின்பும் புதியவை தோன்றிக்கொண்டே இருக்கும்.

இப்போது ஒரு சோதனை செய்யுங்கள். ஒரு பலூனில் பேனாவால் ஒரு புள்ளி வைத்து ஊதுங்கள். பலூனோடு புள்ளியும் பெரிதாகிறது. புள்ளிக்கு நோய் வந்துவிட்டதா என்ன? குழந்தையின் தோலும் அந்தப் பலூன் போலத்தான். உடல் வளர வளர, மச்சமும் அதே விகிதத்தில் வளர்வது இயற்கை. பருவ வயதில் மச்சம் கருப்பதும் உண்டு. தட்டையாக இருந்த மச்சம் ஆண்டுக்கணக்கில் மெதுவாக மேலெழும்பி மெத்தென்று ஆவதும், அதில் முடி வளர்வதும்கூட இயற்கையே.

சில சிறுவர்களுக்கு மச்சத்தைச் சுற்றி வெள்ளை வளையம் தோன்றும். வெண்குஷ்டம் என்று வீட்டில் பதறுவார்கள். உடலின் காவல் செல்கள் அந்த மச்சத்தை அந்நியப் பொருளாக எண்ணித் தாக்குவதன் விளைவு அது. நாளடைவில் மச்சமே காணாமல் போய்விடலாம். மருத்துவரிடம் ஒரு முறை காட்டினால் போதும்.

ஆகவே குழந்தையின் மச்சம் மாறுவது அதிசயம் இல்லை. எப்படி மாறுகிறது என்பதே கேள்வி.

மச்சத்தைப் போலவே தோன்றும் கொடிய தோல் புற்றுநோய்க்கு மெலனோமா என்று பெயர். மெலனோசைட்டுகள் கட்டுப்பாடின்றிப் பெருகுவதால் வருவது. குழந்தைகளுக்கு இது வருவது மிக மிக அரிது. இந்நோய் மிகுந்த அமெரிக்காவிலேயே, பத்து வயதுக்குட்பட்ட பத்து லட்சம் குழந்தைகளில் ஆண்டுக்கு ஓரிருவருக்குத்தான் வருகிறது. ஆனால் வந்தால் அடையாளம் காண்பது எளிதன்று. 1948இல் நியூயார்க்கில் ஸோஃபி ஸ்பிட்ஸ் என்ற பெண் மருத்துவர், குழந்தைகளிடமிருந்து அகற்றிய 13 கட்டிகளை ஆராய்ந்து எழுதினார். நுண்ணோக்கியில் அவை மெலனோமாவைப் போலவே காட்சியளித்தன. ஆனால் ஒரு குழந்தையைத் தவிர வேறு யாரும் அந்நோயால் இறக்கவில்லை! சிறு மணி போல இளஞ்சிவப்பாக எழும்பும் இந்தக் கட்டிக்கு இன்று 'ஸ்பிட்ஸ் மச்சம்' என்றே பெயர். பெரும்பாலும் தீங்கற்றது. என்றாலும் நிபுணர்கள்கூட இதைக் கண்டு தயங்குவதுண்டு. சந்தேகம் வந்தால் அகற்றிச் சோதிப்பது அதனால்தான்.

பெரியவர்களுக்கான விதிகளை 1985இல் நியூயார்க் மருத்துவர்கள் வகுத்தார்கள். மச்சத்தின் இரு பாதிகளும் ஒத்திராமை, கரை ஒழுங்கின்மை, பல நிறங்கள் கலந்திருத்தல், 6 மில்லிமீட்டருக்கு மேல், அதாவது பென்சில் தடிமன் அளவு அகலம். இந்த நான்குடன் 'மாறிக்கொண்டே இருத்தல்' என்ற ஐந்தாவதும் 2004இல் சேர்ந்தது. ஆனால் சிறு குழந்தைகளின் மெலனோமா இந்த விதிகளை மதிப்பதில்லை. பலருக்கு அது கருப்பாகவே இருப்பதில்லை. இளஞ்சிவப்பாக, ஒரே நிறமாக, ஒழுங்கான வட்டமாக, மரு என்றோ கொப்புளம் என்றோ எண்ணும்படி இருக்கும்.

எனவே தங்கையின் தோலில் பார்க்க வேண்டியது இதுதான். உடல் வளராத அளவுக்கு, சில வாரங்களில் அல்லது மாதங்களில், ஒன்று மட்டும் ஓடி ஓடி வளர்கிறதா? அடிபடாமலே இரத்தம் கசிகிறதா, புண்ணாகி ஆறாமல் இருக்கிறதா? மற்ற மச்சங்களின் கூட்டத்தோடு சேராமல் அது மட்டும் வேறாகத் தெரிகிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். பிறக்கும்போதே உள்ளங்கை அளவு, அதைவிடப் பெரிதாக மச்சம் உள்ள குழந்தைகள் தனி வகை. இவர்களுக்கு ஆபத்து சற்றுக் கூடுதல். பிறந்ததிலிருந்தே மருத்துவரின் கண்காணிப்பு வேண்டும்.

கருத்த தோல் உள்ளவர்களுக்கு மெலனோமா பொதுவாகவே குறைவு. ஆனால் வளர்ந்தபின் வந்தால், பெரும்பாலும் யாரும் பார்க்காத உள்ளங்காலிலும் நகத்தடியிலும் வரும். ஜமைக்கா நாட்டுப் பாடகர் பாப் மார்லிக்குக் கால் கட்டைவிரல் நகத்தடியில்தான் வந்தது. பந்தாட்டத்தில் பட்ட அடி என்றே முதலில் எண்ணினார்கள். 1977இல் நோய் தெரிந்தது. 1981இல், 36 வயதில் இறந்துபோனார்.

நினைவை நம்பி 'பெரிதாகிவிட்டது' என்று சொல்வதில் பயன் இல்லை. மச்சத்தின் பக்கத்தில் அடிக்கோல் வைத்து, நல்ல வெளிச்சத்தில் ஒரு புகைப்படம் எடுத்துத் தேதி குறித்து வையுங்கள். மூன்று மாதம் கழித்து அதே போல இன்னொன்று. மருத்துவருக்கு இது மிகவும் உதவும். ஆனால் மேலே சொன்ன அறிகுறி ஏதேனும் இருந்தால் மூன்று மாதம் காத்திருக்க வேண்டாம்.

இன்னொன்று. சுண்ணாம்பும் சோடாவும் குழைத்து வைத்தோ, தலைமுடியால் இறுக்கிக் கட்டியோ மச்சத்தை எடுக்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. மருவுக்குச் செய்வதை மச்சத்துக்கும் செய்கிறார்கள். மரு வைரஸால் வருவது, மச்சம் அப்படியன்று. சுண்ணாம்பு தோலை வேகவைத்துப் புண்ணாக்கிவிடும். அதைவிடப் பெரிய கேடு, சோதனைக்கு அனுப்ப எதுவும் மிஞ்சாது. அழகு நிலையத்தில் சுட்டு எடுப்பதும் இதைப் போன்றதே.

மருத்துவர் என்ன செய்வார்? ஒளியுடன் கூடிய ஓர் உருப்பெருக்கியை மச்சத்தின் மேல் வைத்துப் பார்ப்பார். இதில் வலி இல்லை. பெரும்பாலான குழந்தைகளை, 'ஒன்றுமில்லை' என்று அப்போதே அனுப்பிவிடுவார். தேவையானால் மரத்துப்போக ஊசி போட்டு மச்சத்தை முழுதாக வெட்டியெடுத்துச் சோதனைச் சாலைக்கு அனுப்புவார். இரண்டு மூன்று தையல் போதும். சான்றிதழில் எழுதிய அடையாளம் போய்விடுமே என்று தங்கை கேட்டால், அந்த இடத்தில் ஒரு சிறு தழும்பு இருக்கும் என்று சொல்லுங்கள்.