சொல்லாமல் விடுவதால் இழப்பவை

ஊரில் விரிவுரையாளனாக இருந்த நான் ஜேர்மனியில் இயந்திரத்தோடு நிற்பவன். பக்கத்தில் நின்ற எம்மவர் ஒருவர் தனக்கு மல்ற்றிப்பிள் ஸ்கிளரோசிஸ் என்பதைச் சொல்ல வெட்கப்பட்டுத் தானாகவே வேலையை விட்டார்.

மூளை, முள்ளந்தண்டு நரம்புகளின் உறையை உடலின் எதிர்ப்புச் சக்தியே சிதைக்கும் நோய் இது. இதன் களைப்பு வெளியே தெரியாது, சூட்டில் கூடும். போர்மன் அதைச் சோம்பல் என்பார். நம்மவரும் அப்படித்தான் சொல்கிறோம்.

சட்டம் சொல்வது வேறு. ஊனத்தின் அளவு 50 என்று கணித்தால் அவுஸ்வைஸ் கிடைக்கும். வாரம் 5 நாள் வேலை செய்பவருக்கு வருடத்தில் 5 நாள் மேலதிக விடுமுறை உண்டு. 6 மாதத்துக்கு மேல் வேலை செய்தவரை அரச அலுவலகத்தின் முன்சம்மதமின்றி நீக்க முடியாது. 30 அல்லது 40 எனில், தொழில் அலுவலகத்தில் விண்ணப்பித்து, வேலைநீக்கப் பாதுகாப்பைப் பெறலாம்.

எந்த வேலையிலும் நாளுக்கு 6 மணிநேரம் முடியாதவருக்குப் பகுதி ஓய்வூதியம். 3 மணிநேரமும் முடியாதவருக்கு முழு ஓய்வூதியம். பொதுவாக 5 வருடக் காப்புறுதியும், நோய்க்கு முந்திய 5 வருடத்தில் 3 வருடக் கட்டணமும் வேண்டும். கறுப்பில் வேலை செய்த வருடங்கள் இக்கணக்கில் வரா.

இப்பணம் எமது சம்பளத்தில் கழிக்கப்பட்டது. கேட்பதில் என்ன வெட்கம்? அவுஸ்வைஸில் நோயின் பெயர்கூட எழுதப்படுவதில்லை.