கொத்துக் கொத்தாகப் பூத்தும் மாங்காய் நிற்கலையா? ஈக்களை விரட்டாதீங்க!

ஆனி பிறந்தால் காரைக்காலில் மாங்கனித் திருவிழா களைகட்டும். பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது, மாடிகளிலிருந்து பக்தர்கள் மாம்பழங்களை இறைப்பார்கள். காரைக்கால் அம்மையாரின் கதையே இரண்டு மாங்கனிகளில் தொடங்குவதுதானே! ஆனால், ஆனியில் கைக்கு வரும் பழத்தின் தலையெழுத்து, மரம் பூக்கும் தை, மாசியிலேயே எழுதப்பட்டுவிடுகிறது. பூவம் முதல் திருமலைராயன்பட்டினம் வரை, கொல்லையில் மாமரம் வைத்திருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது.

ஆயிரம் பூ, ஒன்றிரண்டு பழம்

மாம்பூங்கொத்து ஒன்றில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பூக்கள் இருக்கலாம். அவற்றில் பல ஆண் பூக்கள், அவை காய்க்காது. ஆண், பெண் உறுப்புகள் இரண்டும் உள்ள பூக்கள்தான் பிஞ்சாகும். அதிலும் பெரும்பாலானவை உதிர்ந்துவிடும். கொத்துக்கு ஒன்றிரண்டு பழம் தேறினாலே நல்ல விளைச்சல்தான். அதனால், பிஞ்சு உதிர்வதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

ஈதான் தூதுவர்

மாம்பூவுக்கு மகரந்தம் கொண்டுவருவதில் தேனீக்களைவிட ஈக்களுக்கே பெரிய பங்கு. ஆஸ்திரேலியாவில் மாந்தோப்புக்காரர்கள் சிலர், பூக்கும் காலத்தில் அழுகிய மீனை வைத்தே ஈக்களை வரவழைக்கிறார்கள்!

வட இந்தியாவின் தசேரி, லங்கடா, சௌசா ரகங்கள் தம் மகரந்தத்தைத் தாமே ஏற்பதில்லை. பக்கத்தில் வேறு ரக மாமரம் வேண்டும். ஒரே ரக ஒட்டுக்கன்றுகளைப் பத்து நட்டாலும், மகரந்தக் கணக்கில் அவை ஒரே மரம்தான். கொடைக்கானல் மலையில் விளையும் பேரிக்காயின் குணமும் ஏறக்குறைய இதேதான்.

சீனாவின் சிச்சுவான் மாகாணத்து ஹன்யுவானில், பேரிக்காய் மரங்களில் மனிதர்களே ஏறி, இறகுக் குச்சியால் பூப்பூவாக மகரந்தம் தடவுகிறார்கள். அங்கே பூச்சிமருந்து அதிகம் என்பதால், தேனீ வளர்ப்பவர்கள் பெட்டிகளைத் தோப்பில் வைக்கத் தயங்குகிறார்கள். பூச்சி இலவசமாகச் செய்த வேலைக்கு இப்போது ஆள் கூலி!

என்ன செய்யலாம்?

* தத்துப்பூச்சிக்கு மருந்து தேவைப்பட்டால், பூ விரிவதற்கு முன்பே அடித்துவிடுங்கள். பூ விரிந்திருக்கும் நாள்களில் பூச்சிமருந்து வேண்டாம்.
* புதிதாக நடும்போது, ஒரே காலத்தில் பூக்கும் இரண்டு ரகங்களைக் கலந்து நடுங்கள்.
* பூவில் ஈ மொய்த்தால் விரட்டாதீர்கள்.
* சந்தேகம் இருந்தால், காரைக்கால் மாதூரில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் கேளுங்கள். என்ன மருந்து, எப்போது, எவ்வளவு என்று கேட்டுக்கொண்டு அடிப்பது மரத்துக்கும் நல்லது, நமக்கும் நல்லது.