'அபூர்வம்' என்கிற சொல்லும் ஒரு சாம்பல் திமிங்கிலமும்

2024 மார்ச் 1 அன்று அமெரிக்காவின் கிழக்குக் கரையில், நான்டக்கெட் தீவுக்குத் தெற்கே சுமார் 30 மைல் தொலைவில், நியூ இங்கிலாந்து அக்வேரியத்தின் கணக்கெடுப்பு விமானத்திலிருந்து ஒரு சாம்பல் திமிங்கிலத்தைப் பார்த்திருக்கிறார்கள். முதுகுத் துடுப்பு கிடையாது. வெள்ளைத் திட்டுகள் படர்ந்த சாம்பல் தோல். முங்குவதும் எழுவதுமாக இரை தேடுவதுபோல் தெரிந்தது. பசிபிக்கில் மட்டுமே மிஞ்சியிருக்கிற உயிர் அட்லாண்டிக்கில் தென்பட்டதால் 'அபூர்வம்' என்றார்கள். எனக்கு இந்தச் சொல்தான் உறுத்துகிறது.

அபூர்வம் என்றால் முன் இல்லாதது. ஆனால் இது முன்பு இருந்தது. 1725இல் பால் டட்லி நியூ இங்கிலாந்துத் திமிங்கிலங்கள் பற்றி எழுதிய கட்டுரையில், துடுப்புக்குப் பதில் முதுகில் முண்டுமுண்டாய்ப் புடைப்புகள் உள்ள ஒன்றைக் குறிப்பிடுகிறார். அது இதுதான் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அந்த நூற்றாண்டோடு அட்லாண்டிக்கில் அதன் கதை முடிந்தது. வேட்டைக்கு அதில் பங்குண்டு. ஆக, 'அபூர்வம்' என்னும்போது இல்லாமலாக்கியவர்கள் வாக்கியத்திலிருந்து நழுவிவிடுகிறார்கள்.

பெயரிடுதல் எப்போதும் பெயரிடுபவனின் பக்கம்தான். 19ஆம் நூற்றாண்டில் மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியா காயல்களில், குட்டியைக் காக்கப் படகைத் திருப்பியடித்த தாய்த் திமிங்கிலத்துக்கு வேட்டைக்காரர்கள் வைத்த பெயர் 'பேய்மீன்'. ஈட்டி எறிந்தவனுக்கு அப்படியொரு பெயர் இல்லை. இன்று அதே காயல்களில் படகருகே வந்து தடவக் கொடுக்கிறதாம். உடனே 'சிநேகிதமான விலங்கு' ஆகிவிட்டது.

'பாவம், வழிதப்பி வந்துடுச்சு' என்பதும் இப்படித்தான். 2010இல் இஸ்ரேல் கரையிலும் பிறகு பார்சிலோனா அருகிலும், 2013இல் நமீபியாவின் வால்விஸ் வளைகுடாவிலும், 2021இல் மத்தியதரைக் கடலிலும் சாம்பல் திமிங்கிலம் தென்பட்டது. ஆர்க்டிக் பனி கோடையில் உருகி வடக்கே வழி திறந்திருப்பதே காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். அப்படியானால் தப்பியது வழியல்ல, பனி.

சரி, 'திரும்பி வந்துவிட்டது' என்று கொண்டாடலாமா? அதுவும் வசதியான கதையாடல்தான். ஓர் உயிர் ஓர் இனமாகாது. கிழக்குப் பசிபிக்கில் 2016இல் சுமார் 27,000 இருந்தவை 2025 மதிப்பீட்டில் 13,000 அளவுக்கு இறங்கிவிட்டன. கடலடிச் சேற்றை உறிஞ்சி அதிலுள்ள சிற்றுயிர்களைத் தின்பது இது. ஆர்க்டிக்கின் மாற்றத்தில் அந்த இரையும் குறைகிறது. வழியைத் திறக்கிற வெப்பமே வயிற்றையும் காயவைக்கிறது.

எனவே நான்டக்கெட் காட்சியை அதிசயமாகவோ மீட்சியாகவோ அல்ல, சாட்சியமாகவே வாசிக்க வேண்டும் என்பேன்.