எழுதாமல் விட்ட வரி

வங்கிச் செயலியில் பணம் அனுப்பும்போது, நம் கைப்பேசிக்கும் வங்கியின் தரவுத்தளத்துக்கும் நடுவில் பாடுபடும் மென்பொருளை மிடில்வேர் என்பார்கள். ஒரே சர்வரில் பல செயலிகள் ஓடும். உள்ளே வருபவர் யார், அதை எப்படி உறுதி செய்வது, வந்தபின் அவர் எதைத் தொடலாம் என்பதையெல்லாம் ஒரு பெயரின் கீழ் எழுதி வைப்பார்கள். ஜேபாஸ் சர்வரில் அதற்கு செக்யூரிட்டி டொமைன் என்று பெயர்.

2006இல் ரெட் ஹாட் வாங்கிய ஜேபாஸ், உலகெங்கும் பரவிய திறந்தமூல சர்வர். அதன் ஜேஎம்எக்ஸ் கன்சோல் என்ற நிர்வாகப் பக்கம் கைக்குக் கிடைத்தால், புதிய நிரலையே சர்வரில் ஏற்றிவிடலாம். பழைய இலவசப் பதிப்புகளில் அந்தப் பக்கத்துக்கான காவல் வரிகள் கோப்பில் இருந்தும் முடக்கப்பட்டிருந்தன. நிர்வாகி கோப்பைத் திறந்து அவற்றை இயக்க வேண்டும். பலர் செய்யவில்லை.

செய்தவர்களும் தப்பவில்லை என்பதுதான் கொடுமை. பிரவுசர் சர்வரிடம் பேச கெட், போஸ்ட், ஹெட் எனப் பல வினைச்சொற்கள் உண்டு. அந்தக் காவல் வரிகள் கெட்டையும் போஸ்ட்டையும் மட்டும் பெயர் சொல்லி, அவற்றுக்குப் பாஸ்வேர்டு கேட்டன. ஜாவா விதிப்படி, பெயர் சொல்லாத வினைக்கு அந்தக் கட்டுப்பாடு பொருந்தாது. ஹெட் என்று வரும் கோரிக்கைக்கோ சர்வர் வழக்கமாக கெட்டுக்குரிய அதே நிரலைத்தான் ஓட்டும். பதிலின் உடலை மட்டும் அனுப்பாது. தாக்குபவருக்குப் பதில் எதற்கு? கட்டளை நிறைவேறினால் போதுமே.

2010 ஏப்ரலில் இதற்குத் தீர்வு வந்தது: கெட், போஸ்ட் என்ற அந்த இரண்டு வரிகளையும் நீக்குவது. வினையின் பெயரே இல்லாவிட்டால் கட்டுப்பாடு எல்லா வினைக்கும் பொருந்தும். காவலைக் குறிப்பாக எழுத எழுத ஓட்டை பெரிதாகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் எனக்குத் தெரியாது.

2011 அக்டோபரில், திருத்தம் வந்து ஒன்றரை ஆண்டு ஆன பிறகும், இதே வழியாக ஒரு புழு நிரல் பரவியது. 2016இல் சாம்சாம் கும்பல் ஜேபாஸின் பழைய ஓட்டைகள் வழியே நுழைந்து கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. அந்த ஏப்ரலில் சிஸ்கோவின் டாலோஸ் குழு இணையத்தை அலசியபோது, ஆபத்தில் இருக்கக்கூடிய இயந்திரங்கள் சுமார் 32 லட்சம் என்று கணித்தது. ஏற்கெனவே கள்ளவழி திறக்கப்பட்டிருந்தவற்றில் பள்ளி நூலக மென்பொருள் ஓடிய சர்வர்களும் இருந்தன. நூலகத்துக்காக வாங்கிய மென்பொருளுக்குள் ஜேபாஸ் இருப்பது எத்தனை பள்ளிகளுக்குத் தெரிந்திருக்கும்?

2011இல் வந்த ஜேபாஸ் 7 நிர்வாக வாசலை 9990 என்ற தனி போர்ட்டுக்கு மாற்றியது. இயல்பாக அது அந்த இயந்திரத்துக்குள்ளிருந்து மட்டுமே திறக்கும். பல சர்வர்களுக்கான புரொஃபைலை, அதாவது அமைப்பு விவரங்களை, ஒரே கோப்பில் எழுதும் வசதியும் வந்தது. அதில் செய்யும் பிழையும் அத்தனை சர்வருக்கும் போகும். 2013இல் ஜாவா சர்வ்லெட் 3.1, பெயர் சொல்லாத வினைகளை மறுக்க ஒரு கட்டளையைத் தந்தது. அதையும் நாம்தான் எழுத வேண்டும். ஜேபாஸின் வாரிசான வைல்டுஃப்ளை, 2021இல் 25ஆம் பதிப்போடு பழைய பாதுகாப்பு அமைப்பைக் கைவிட்டு எலிட்ரான் என்ற புதிய அமைப்பை மட்டும் வைத்துக்கொண்டது. பழைய காவல் வரிகளை எலிட்ரானுக்கென மாற்றி எழுதுவதை நிர்வாகிகள் சுமையாக நினைக்கிறார்கள். ஒவ்வொரு வரியும் எதற்கு என்று கேட்டுப் பார்க்க இதைவிட நல்ல வாய்ப்பு வாராது.

எழுதி முடித்ததும், உங்கள் சர்வரின் நிர்வாகப் பக்கத்துக்குப் பாஸ்வேர்டு இல்லாமல் ஒரு ஹெட் கோரிக்கை அனுப்பிப் பாருங்கள். மறுப்பைக் குறிக்கும் 401 அல்லது 403 வர வேண்டும். அனுமதியைக் குறிக்கும் 200 வந்தால், முதலில் அந்தப் பக்கத்தை வெளி நெட்வொர்க்கிலிருந்து துண்டியுங்கள். கோப்பைப் பிறகு திருத்தலாம்.