பழைய கட்டடங்களுக்காகப் பேசியவர்கள்

லண்டன் செயின்ட் பாங்க்ரஸ் ரயில் நிலையத்தில் ஒரு சிலை இருக்கிறது. பருத்த உடலும் கசங்கிய கோட்டுமாக ஒருவர், தலைத்தொப்பி விழாமல் பிடித்துக்கொண்டு நிலையத்தின் உயர்ந்த கூரையை அண்ணாந்து பார்க்கிறார். அவர்தான் கவிஞர் ஜான் பெட்ஜமன்.

பழைய தேவாலயங்களையும் புறநகர் ரயில்களையும் ஏக்கத்தோடு பாடியவர். 1972 முதல் 1984-இல் மறையும் வரை இங்கிலாந்தின் அரசவைக் கவிஞர். யூஸ்டன் நிலையத்தின் பிரம்மாண்டமான நுழைவு வளைவைக் காப்பாற்றப் போராடினார். முடியவில்லை; 1960-களின் தொடக்கத்தில் அதை இடித்துவிட்டார்கள். அடுத்து செயின்ட் பாங்க்ரஸுக்கு ஆபத்து வந்தபோது அவரும் மற்றவர்களும் விடாமல் குரல் கொடுத்தார்கள். 1967-இல் அது முதல் தரப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்ந்தது.

சென்னைக்கு அப்படி வாய்த்தவர் எஸ். முத்தையா. பள்ளத்தூரில் பிறந்து, கொழும்பில் பத்திரிகையாளராக இருந்து, 1968-இல் சென்னைக்கு வந்தவர். நகரத்தின் கதையை 1981-இல் புத்தகமாக்கினார். 1991-இல் ‘மெட்ராஸ் மியூசிங்ஸ்’ இதழைத் தொடங்கி, இடிபடவிருந்த கட்டடங்களுக்காக அதில் தொடர்ந்து எழுதினார். 2019-இல் மறையும் வரை அவர் பேனா ஓயவில்லை. ஆகஸ்ட் 22-ஐ ‘மெட்ராஸ் தினம்’ என்று கொண்டாடும் வழக்கம் 2004-இல் தொடங்கியதிலும் அவருக்குப் பங்குண்டு.

ஆனால் அந்த நாளில் நம் கண்கள் ஜார்ஜ் டவுன், மயிலாப்பூரோடு நின்றுவிடுகின்றன. தெற்குப் புறநகரிலும் பார்க்க வேண்டியவை உண்டு.

பல்லாவரத்தையே எடுத்துக்கொள்வோம். 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற புவியியலாளர் அங்கே செம்பூரான் சரளையிலிருந்து ஒரு கல்லை எடுத்தார். ஆதிமனிதன் செதுக்கிய கைக்கோடரி அது! இந்தியாவின் கற்கால ஆய்வே அந்தக் கல்லிலிருந்துதான் வளர்ந்தது. அதே ஊரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்துக் குடைவரையும் இருக்கிறது.

தாம்பரத்துக்கு மின்சார ரயில் 1931-இல் வந்தது. ஆறாண்டுகள் கழித்து, ஜார்ஜ் டவுனில் நூறாண்டு இருந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரி தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்தது. 365 ஏக்கர் புதர்க்காட்டுக்குள் கட்டடங்கள் எழுந்தன. அந்த மரச்சோலை இன்றும் புள்ளிமான்களுக்கு வீடு.

இவற்றைச் சுற்றியிருந்த ஓட்டு வீடுகளும் திண்ணைகளும் அடுக்குமாடிகளுக்கு வழிவிட்டு வேகமாக மறைகின்றன. எல்லாவற்றையும் காப்பாற்ற முடியாதுதான். ஆனால் பதிவு செய்யலாமே! உங்கள் தெருவில் மிஞ்சியிருக்கும் பழைய வீட்டைப் படமெடுங்கள். அதில் வாழ்ந்த பெரியவர்களிடம் கேட்டு எழுதிவையுங்கள். இந்த ஆகஸ்டுக்குள் தொடங்குங்கள்.