பகடை உலகம் – 11: கவசம் போட்டவனை என்ன செய்வது?

வாள், மந்திரம், நிலவறை என்று இத்தனை வாரம் சுற்றியாகிவிட்டது. இனி விண்வெளி.

அறிவியல் புனைகதை ஆட்டம் ஒன்றில் ஆயுதப் பட்டியலை ஆட்டக்காரர் கையில் கொடுத்துப் பாருங்கள். அவர் விரல் கடைசியில் போய் நிற்கும் இடம் பவர் ஆர்மர். மோட்டாரும் மின்சாரமும் உள்ள முழு உடல் கவசம். குண்டு துளைக்காது, போட்டவனின் பலத்தையும் பெருக்கிக் காட்டும். ‘அயர்ன் மேன்’ பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். இந்தக் கவசத்துக்குப் பெயர் வாங்கித் தந்தது ராபர்ட் ஹைன்லைன் 1959ல் எழுதிய ‘ஸ்டார்ஷிப் ட்ரூப்பர்ஸ்’ நாவல். (1997ல் அதைப் படமாக எடுத்த பால் வெர்ஹோவன் கவசத்தைக் கழற்றி வைத்துவிட்டார். படம் மட்டும் பார்த்தவர்கள் நாவலைப் படித்தால் திகைத்துப்போவார்கள்.)

நாவலில் சிக்கலே இல்லை, படைப்பிரிவு மொத்தமும் கவசத்தோடுதான் குதிக்கிறது. ஆட்ட மேசையில் அப்படி அமையாது. நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள்: ஒருவர் முன்னாள் சிப்பாய், ஒருவர் டாக்டர், ஒருவர் வியாபாரி, ஒருவர் இன்ஜினீயர். சிப்பாயிடம் மட்டும் கவசம். அவருக்கு வலிக்கிற மாதிரி எதிரியை அனுப்பினால் டாக்டர் முதல் சுற்றிலேயே காலி. டாக்டருக்கு ஏற்ற எதிரியை அனுப்பினால் சிப்பாய் கொட்டாவி விடுவார். ஆட்டம் நடத்துபவரின் தலைவலி இங்கே ஆரம்பிக்கிறது.

1977ல் மார்க் மில்லர் உருவாக்கிய ‘ட்ராவலர்’ இதை எப்படிச் சமாளித்தது என்பதைக் கொஞ்சம் நிதானமாகவே பார்க்கலாம். அதில் பவர் ஆர்மருக்குப் பெயர் ‘பேட்டில் டிரெஸ்’. ஆரம்பகால விதிப்படி இரண்டு பகடை உருட்டி 8 அல்லது அதற்கு மேல் விழுந்தால் அடி பட்டது என்று அர்த்தம். கவசம் அந்த எண்ணை எட்டுவதைக் கடினமாக்கும், அவ்வளவுதான். எட்டிவிட்டால் காயம் முழுசாக இறங்கும். ஆக, எவ்வளவு கனமான கவசம் போட்டவனுக்கும் அடிவயிற்றில் ஒரு பயம் மிச்சமிருந்தது.

பின்னாளில் மங்கூஸ் நிறுவனம் வெளியிட்ட ட்ராவலரில் முறை மாறியது. அங்கே காயத்தின் எண்ணிலிருந்து கவசத்தின் எண்ணைக் கழிக்க வேண்டும். கேட்க நியாயமாக இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 2016ல் வந்த இரண்டாம் பதிப்பில் பேட்டில் டிரெஸ்ஸின் காப்பு 22, விலை 2 லட்சம் கிரெடிட். சாதாரண ரைஃபிளுக்கு மூன்று பகடை, மூன்றும் ஆறாக விழுந்தாலே 18. குறி மிகத் துல்லியமாக அமைந்தால் சில புள்ளிகள் கூடும். அப்போதும் 22ஐத் தாண்டுவது அபூர்வம். சரி, பெரிய ஆயுதத்துக்குப் போவோம். ஃப்யூஷன் துப்பாக்கிக்கு இரண்டு பகடை, வந்த தொகையைப் பத்தால் பெருக்க வேண்டும். சராசரி 70. கவசத்துக்கு 22 கழித்தால் மிச்சம் 48. சராசரி மனிதனின் பலம், சுறுசுறுப்பு, தாக்குப்பிடிக்கும் திறன் மூன்றையும் கூட்டினாலே 21தான் வரும். ஒன்று, கீறல்கூட விழாது. இல்லையென்றால் ஆள் இருக்கமாட்டான். இடையில் எதுவும் இல்லை. சண்டை என்பது தப்பிப்போமா மாட்டோமா என்ற பதற்றத்தில்தானே ருசிக்கும்? அது இதில் காணாமல் போகிறது.

ஆனால் அதே புத்தகத்தில், சண்டை விதிகளுக்குச் சம்பந்தமே இல்லாத பக்கத்தில் மருந்து இருக்கிறது. ட்ராவலரில் ஒவ்வொரு கிரகத்துக்கும் ‘சட்ட நிலை’ என்று ஓர் எண் உண்டு. 0 என்றால் கேட்பார் இல்லை. எண் ஏற ஏறக் கெடுபிடி. சட்ட நிலை 1லேயே பேட்டில் டிரெஸ் தடை! கத்தியும் துப்பாக்கியும் தாராளமாகப் புழங்குகிற ஊரிலும் இதைப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்க முடியாது. கவசம் கப்பலில் கிடக்கும், சிப்பாய் சட்டை பேன்ட்டோடு டாக்டருக்குப் பக்கத்தில் நடப்பார். கர்ணனின் கவசத்தை யாரும் அம்பு விட்டுத் துளைக்கவில்லை, இந்திரன் கேட்டு வாங்கிக்கொண்டு போனான். ட்ராவலரின் சுங்க அதிகாரி செய்வதும் அந்த வேலைதான்.

‘கர்ப்ஸ்’ ஆட்டம் பயிற்சியைக் கேட்கிறது. கவசத்துக்குள் இருக்கும்போது, உடல் லாகவம் சார்ந்த எந்தத் திறமையும் கவசத்தை இயக்கும் திறமையைத் தாண்டக் கூடாது. அசகாய சூரனாக இருந்தாலும் கவசம் பழகாதவன் தடுமாறத்தான் செய்வான். கச்சிதமான விதி.

இதற்கு நேரெதிர் கெவின் சீம்பீடாவின் ‘ரிஃப்ட்ஸ்’ (1990). அதில் ‘மெகா டேமேஜ்’ என்று தனி அளவுகோல்: ஒரு மெகா புள்ளி, சாதாரணக் காயத்தில் 100 புள்ளிக்குச் சமம். அதன் புகழ்பெற்ற கவசம் ‘கிளிட்டர் பாய்’, கண்ணாடிபோலப் பளபளக்கும். உடல் பகுதி மட்டும் 770 மெகா புள்ளி தாங்கும். அதன் பூம் கன்னைச் சுட்டால் பின்னுதைப்பு ஆளைத் தூக்கி வீசிவிடும். அதனால் சுடும் முன் காலிலிருந்து தரைக்குள் ஆணி இறங்கும், முதுகில் ஜெட் எரிந்து எதிர்விசை கொடுக்கும். வெடிச்சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர்களின் காது அடைத்துப்போகும். படிக்கும்போதே உருட்டிப் பார்க்கத் தோன்றும். ஆனால் அதே புத்தகத்தில் ‘வேகபாண்ட்’ என்றொரு பாத்திரமும் இருக்கிறது. பெயருக்கேற்ற நாடோடி. இருவரும் ஒரே மேசையில் உட்காரலாம் என்று விதி அனுமதிக்கிறது. அந்த நாடோடியை எடுத்தவர் ராத்திரி முழுக்க என்ன செய்வார் என்று மட்டும் விதி சொல்லவில்லை.

என் ஓட்டு ட்ராவலரின் சட்ட நிலைக்குத்தான். ஆட்டம் நடத்தப் போகிறவர்களுக்கு ஒரு யோசனை: கவசம் கேட்கும் ஆட்டக்காரரிடம் முடியாது என்று சொல்லாதீர்கள். தாராளமாகக் கொடுங்கள். பிறகு கதையைச் சுங்கச் சாவடி உள்ள ஊராகப் பார்த்து நகர்த்துங்கள்.

அடுத்த வாரம், ட்ராவலர் ஆட்டக்காரர்கள் கவசக்காரனைவிட அதிகம் பயப்படும் விஷயம்: கப்பல் வாங்கிய கடன், 480 மாதத் தவணை.